சம்பந்தி கல்வியில் இருக்கிறார்

எங்கள் வீட்டில் போனுக்குச் சிக்னல் பிடிக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால், வைக்கோல் போருக்கும் கிணற்றுக்கும் இடையில் ஒரு கல் கிடக்கிறது. அதில் ஏறி நின்றால்தான் கொரியா கேட்கும். பூசான் நகரத்தில் வேலை செய்கிற என் மகன் செந்தூரன் அந்த நாட்டுப் பெண் ஒருத்தியை விரும்புகிறான் என்ற செய்தியையும் அந்தக் கல்லில் நின்றுதான் கேட்டேன். விழவில்லை. பெயர் மின்ஜி என்றான். தகப்பன் என்ன செய்கிறார் என்று கேட்டேன்.

"கல்பி, அப்பா. முப்பது வருசமா அதுதான்."

அந்த நேரம் பார்த்து எங்கள் பசு சிவப்பி கத்தியது. என் காதில் விழுந்தது "கல்வி".

முப்பது வருடம் கல்வியில் இருக்கிற மனிதர். நானோ எட்டாம் வகுப்போடு வயலில் இறங்கியவன். அந்நிய நாட்டுப் பெண் என்றதும் அடுப்போடு கோபித்துக்கொண்ட என் மனைவி பரமேஸ்வரி இதைக் கேட்டுத்தான் கொஞ்சம் இளகினாள். வாத்தியார் குடும்பமென்றால் ஒழுக்கமாகத்தான் இருக்கும் என்றாள். பின்னேரப் பூசைக்குள் கோயில் செயலாளருக்குச் செய்தி போய்விட்டது. மாங்குளம் சந்தியில் தேங்காய் விற்கிறவர்கூட "என்ன, சம்பந்தி கல்வித் திணைக்களமாம்" என்று கேட்டார். நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த மனிதர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. பெடியனின் தாய் தகப்பனோடு ஒரு மேசையில் இருந்து சாப்பிட வேண்டும், பிறகுதான் பதில் சொல்வேன் என்றிருந்தார். நியாயமான பேச்சு. புரட்டாசி மாதம், விதைப்புக்கு முன் கொஞ்சம் ஓய்வு. விமான நிலையம் தெற்கே என்றாலும் முதலில் வடக்கே போய் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்பட்டோம். கல்விமானுக்கு வெறுங்கையோடு போகலாமா? சட்டம் போட்ட சரஸ்வதி படம் ஒன்றை வாங்கி, பரமேஸ்வரியின் கூறைச்சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தோம்.

புதன்கிழமை பூசானில் இறங்கினோம். முதலில் ஏறிய பஸ்ஸிலேயே பரமேஸ்வரிக்கு யோசனை. சாரதிக்கு முன்னால் சாமிப்படம் இல்லை, பூமாலை இல்லை, பாட்டு இல்லை. ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. எங்கள் ஏ9 வீதி பஸ்ஸில் கண்டியிலிருந்து வருகிறவர் கிளிநொச்சியில் இறங்குவதற்குள் பக்கத்து ஆசனக்காரரின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்துவிடுவார். இங்கே ஐம்பது பேர் இருந்தும் பரீட்சை மண்டபம் மாதிரி இருந்தது. கல்வி நாடுதான் என்று நான் மனதுக்குள் மெச்சினேன்.

மின்ஜி அன்று பின்னேரம் வந்தாள். முகம் பால் மாதிரி. வாசலில் குனிந்து கும்பிட்டு, இரண்டு கையாலும் ஒரு பெரிய பேரிக்காய்ப் பெட்டியை நீட்டினாள். ஒவ்வொன்றும் இளநீர் அளவு. செந்தூரன் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், பரமேஸ்வரியின் காலைத் தொடப் போனாள். தகப்பனைக் கூப்பிட அவர்களுக்கும் "அப்பா"தானாம். அவள் போனில் "அப்பா" என்றபோது நான் "என்ன பிள்ளை" என்று கேட்டுவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் பரமேஸ்வரி விழுந்துவிட்டாள். எனக்குத் தெரியும், சேலைத் தலைப்பை விரலில் சுற்றத் தொடங்கினால் அவளுக்கு ஆளைப் பிடித்துவிட்டதென்று பொருள்.

மறுநாள் செந்தூரன் வேலைக்குப் போய்விட்டான். நாங்கள் இரண்டு பேரும் சும்மா இருப்போமா? சம்பந்தியின் பள்ளிக்கூடத்தை வெளியே நின்று ஒருக்கால் பார்த்துவிட்டு வரலாம் என்று புறப்பட்டோம். பாஷை தெரியாவிட்டால் என்ன, ஒரு சொல் தெரியுமே.

தெருவில் வந்த ஒரு பெண்மணியை மறித்து "கல்வி?" என்றேன். விளங்க வேண்டுமென்று இரண்டு கையையும் சேர்த்துப் புத்தகம் விரிக்கிற மாதிரி விரித்துக் காட்டினேன். அவ முகம் மலர்ந்து, தானும் அதேமாதிரி கையைப் புரட்டிக் காட்டி, தெருமுனைப் பக்கம் கையை நீட்டினா. அங்கே போய் இன்னொருவரைக் கேட்டோம். அவர் எதிர்ப்பக்கம் காட்டினார். மூன்றாமவர் இரண்டு பக்கமும் காட்டினார்.

"பாத்தீரே, எத்தினை பள்ளிக்கூடம் எண்டு," என்றேன்.

"எல்லாரும் ஏன் வயித்தைத் தடவுகினம்?" என்றாள் பரமேஸ்வரி.

கடைசியில் ஒரு கட்டடத்துக்கு முன்னால் வந்து நின்றோம். மேலே பெரிய பலகை. அதில் ஒரு பசு, கழுத்தில் மணி கட்டி, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றது. என் நெஞ்சு நிறைந்துவிட்டது. தூரதேசம் என்று பயந்தோமே, இங்கேயும் கோமாதாவைப் பலகையில் ஏற்றி வைத்திருக்கிறார்களே. செருப்பைக் கழற்றிவிட்டு, நடைபாதையில் நின்று இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டேன். பரமேஸ்வரியும் கும்பிட்டாள்.

உள்ளிருந்து ஒரு அம்மா ஓடிவந்து எங்களைக் கையில் பிடித்துக் கூட்டிப்போய் இருத்தினா. மேசைக்கு நடுவில் குழி. அதற்குள் கரி நெருப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். கூரையிலிருந்து ஒரு குழாய் யானைத் தும்பிக்கை மாதிரி இறங்கிவந்து எங்கள் நடுவில் நின்றது. கீரை, முளைகட்டின பயறு, முள்ளங்கி என்று சின்னச் சின்னக் கிண்ணத்தில் பதினைந்து கறி.

"இஞ்சருங்கோ, இது பள்ளிக்கூடமாத் தெரியேல்லை."

"இடைவேளைச் சாப்பாடாக்கும்," என்றேன்.

அப்போதுதான் அது வந்தது. ஒரு தட்டில், பாய் சுருட்டின மாதிரி எலும்பைச் சுற்றி இறைச்சி. கறுத்த சாற்றில் ஊறி, எள் தூவி மினுங்கியது. பரமேஸ்வரி எலும்பைப் பார்த்தாள். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவ தட்டைச் சுட்டி "கல்பி" என்றா. பிறகு எங்களுக்கு இன்னும் விளங்கவேண்டுமென்று நினைத்தாவோ என்னவோ, தன் தலைக்கு இரண்டு பக்கமும் இரண்டு விரலைக் கொம்பாக வைத்துக் காட்டினா.

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. பலகையில் இருக்கிற பசு ஏன் சிரிக்கிறது என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.

போனில் செந்தூரனைப் பிடித்துக் கொடுத்தோம். அவன் அந்த அம்மாவிடம் என்ன சொன்னானோ, அவ இறைச்சியை எடுத்துக்கொண்டு போய்விட்டா. சோற்றையும் கீரையையும் சாப்பிட்டு, தலை குனிந்து வெளியே வந்தோம். பின்னேரம் மகன் வந்தான். அவனைக் கட்டிலில் இருத்தி விசாரித்தோம். மாட்டு விலா எலும்பைச் சோயாச் சாறு, உள்ளி, பேரிக்காய், நல்லெண்ணெய் போட்டு ஊறவைத்து நெருப்பில் வாட்டுகிற சாப்பாட்டுக்குப் பெயர் கல்பி. மின்ஜியின் தகப்பன் வைத்திருப்பது அந்தக் கடை.

"நான் கல்பி எண்டுதான் சொன்னனான். நீங்கள் கல்வி எண்டு கேட்டால் நான் என்ன செய்யிறது?"

"பிறகு திருத்தியிருக்கலாமே?"

"திருத்துறதுக்கிடையில நீங்கள் கோயில்ல தேங்காய் உடைச்சுப்போட்டியள், அப்பா."

எங்கள் வீட்டில் மீன் உண்டு, கோழி உண்டு. மாடு இல்லை. அது படித்து வந்த பழக்கம் இல்லை, சிவப்பி சொல்லித்தந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். இப்போது பிரச்சினை, சம்பந்தி எங்களை அழைத்திருப்பது அந்தக் கல்பி விருந்துக்குத்தான். நாள் வெள்ளி.

வெள்ளிக்கிழமை என்பது பிள்ளையார் தந்த பிடி. நாங்கள் வெள்ளியில் மரக்கறி மட்டும் என்று செந்தூரன் போனில் சொன்னான். பொய் இல்லை. அப்படியானால் சனி என்றார் அவர். இறைச்சியை அன்று காலையே ஊறப் போட்டுவிட்டாராம், இன்னும் ஒரு நாள் ஊறினால் இன்னும் நல்லதாம். ஆனால் அது புரட்டாசிச் சனி. எள்ளெண்ணெய் எரித்துச் சனீஸ்வரனைக் கும்பிட்டு விரதம் இருக்கிற நாள். அதுவும் பொய் இல்லை. செந்தூரன் அதையும் சொன்னான். அப்படியானால் ஞாயிறு என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாராம்.

அந்தச் சனிக்கிழமை கடற்கரையோரம் ஒரு புத்த கோயிலுக்குப் போனோம். சனீஸ்வரன் இல்லாவிட்டாலும் விளக்கு இருக்குமே என்ற எண்ணம். திரும்பும்போது நிலத்துக்கடியில் ஓடுகிற றெயிலில் ஏறினோம். இறங்குகிறவர்களுக்கு வழிவிட வேண்டுமென்று பரமேஸ்வரி மரியாதையாக ஒதுங்கி வெளியே நின்றாள். கதவு மூடிவிட்டது. மாங்குளம் ஸ்டேஷனில் என்றால் சத்தம் போட்டு றெயிலை மறிக்கலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கைகாட்டுவதைப் பார்த்தபடி நானும் மகனும் அடுத்த ஸ்டேஷனுக்குப் போனோம். என் வாயில் கந்தசஷ்டி கவசம் முன்னும் பின்னுமாக வந்தது.

அடுத்த றெயிலில் திரும்பி வந்து பார்த்தால், வாங்கில் மூன்று கொரியப் பெண்களுக்கு நடுவில் இருந்து வற்றாளங்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அவர்கள் கொரியனில், இவள் தமிழில். நல்ல கதை நடக்கிறது.

"என்ன கதைச்சனீர்?"

"மருமோள் வரப்போற கதை."

"அவை என்ன சொன்னவை?"

"நல்ல விசயத்துக்கு ஆர் இல்லையெண்டு சொல்லப்போகினம்?"

அறைக்குத் திரும்பினால் மின்ஜி வாசலில் நின்றாள். கண் சிவந்திருந்தது. தகப்பன் சொன்னதைச் செந்தூரன் எங்களுக்குத் தமிழில் சொன்னான். "வெள்ளி ஏலாது, சனி ஏலாது. அவைக்கு என்ர இறைச்சி பிடிக்கேல்லையோ, என்ர பிள்ளையைப் பிடிக்கேல்லையோ? நாளைக்கும் வராட்டில் எனக்குப் பதில் விளங்கீற்றுது."

பரமேஸ்வரி அவளை உள்ளே கூட்டிப்போய் முகம் கழுவப் பண்ணினாள். நாளைக்கு வருகிறோம் என்று சொல்லச் சொன்னேன். அப்பாவுக்கு டொக்டர் இறைச்சியை மறித்திருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்றான் மகன். சின்னப் பொய். ஆனால் கல்யாணமாகி வருகிற பிள்ளையின் தலையில் எத்தனை வருடத்துக்கு அந்த டொக்டரை வைத்துக் காப்பாற்றுவது? ஞாயிறு விடியத் திருநீறு பூசி, பெட்டிக்குள் இருந்த சரஸ்வதியைத்தான் கும்பிட்டேன். படிப்பறிவு குறைந்தவனுக்கு ஒரு நல்ல சொல் தா அம்மா என்று.

சம்பந்தியின் கடை ஒரு சின்னச் சந்துக்குள். மேலே வீடு, கீழே கடை. அங்கேயும் பலகையில் ஒரு பசு. முதல் பசுவைத் தெரியாமல் கும்பிட்டேன். இந்தப் பசுவைத் தெரிந்துகொண்டே கும்பிட்டேன், மன்னிப்புக் கேட்டு.

அவர் என்னைவிடக் கட்டை, என்னைவிட வலிமை. ஏப்ரன் கட்டியிருந்தார். கை என் கை மாதிரியே காய்த்துப்போயிருந்தது. மின்ஜியின் தாய் சிரித்து வரவேற்று, கிண்ணங்களை அடுக்கினா. கடையைப் பூட்டி, எங்களுக்காக மட்டும் ஒரு மேசை. உள்ளே நல்லெண்ணெய் மணம், எங்கள் கோயிலில் சனிக்கிழமை மணக்கிற அதே மணம். மூன்று நாள் ஊறின விலாவைத் தானே கொண்டுவந்து நெருப்பில் விரித்தார். கத்தரிக்கோலால் இறைச்சியை வெட்டினார். கத்தரிக்கோலுக்குத் துணி தவிர வேறு வேலை இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

பிறகு ஒரு சலாது இலையை உள்ளங்கையில் விரித்து, சோறு, உள்ளித் துண்டு, இறைச்சி வைத்து, நாங்கள் வெற்றிலை மடிக்கிற மாதிரி மடித்தார். மடித்ததை என் கையில் தரவில்லை. எழும்பி நின்று நேரே என் வாய்க்குக் கொண்டுவந்தார். அது அவர்களுடைய மரியாதையாம். வாயைத் திற என்று அவரும் வாயைத் திறந்து காட்டினார்.

மகன் என் முகத்தைப் பார்த்தான்.

நான் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தேன். வாய் திறக்கவில்லை.

"தம்பி, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. டொக்டரைக் கொண்டு வராதை," என்றேன். "சண்டை முடிஞ்சு நாங்கள் முகாமிலையிருந்து வெறுங்கையோட திரும்பி வந்தனாங்கள். வீட்டுக்குக் கூரை இல்லை. உதவியெண்டு எங்களுக்கு ஒரு பசு தந்தவை. அதின்ர பாலை வித்துத்தான் இவனைப் படிப்பிச்சது. இவன் கொரியன் பாஷை படிச்சதும் அந்தப் பாலிலதான். உங்கட மகளை இவன் கண்டதும் அதாலதான். அந்த இனத்தை நான் எப்பிடிச் சாப்பிடுறது? உங்கட பிள்ளையில எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உங்கட கையிலயும் இல்லை."

மகன் சொன்னான். நெருப்பில் இறைச்சி கருகியது. ஒருவரும் புரட்டவில்லை.

சம்பந்தி கையை மெல்ல எடுத்தார். மடித்த இலையைத் தட்டில் வைத்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். வெளியே நின்று என் பலகையைக் கும்பிட்டது அதனாலா என்று. கண்ணாடியால் பார்த்திருக்கிறார். ஓம் என்றேன்.

அவர் நெருப்பிலிருந்த விலாவையெல்லாம் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். அங்கே பாத்திரச் சத்தம் கேட்டது.

"எழும்புங்கோ, போவம்," என்றாள் பரமேஸ்வரி மெல்ல.

எழும்புவதற்குள் அவர் திரும்பி வந்தார். பழைய கம்பி வலையைக் கழற்றிப் புதுவலை போட்டார். நாங்கள் கேட்கவில்லை. பரமேஸ்வரி அதைக் கவனித்ததை நான் கவனித்தேன். அந்த வலையில் நடுவால் பிளந்த இரண்டு பெரிய மீனை விரித்தார். நாயாற்றிலிருந்து மோட்டார் சைக்கிளில் எங்கள் படலைக்கு வருகிற அதே கும்பிளா, கொஞ்சம் கொழுத்தது. புதுக் கிண்ணத்தில் சோயாச் சாறும் உள்ளியும் பேரிக்காயும் கலந்து அதன்மேல் பூசினார். பூசிக்கொண்டே கதைத்தார். செந்தூரன் ஒவ்வொரு வசனமாகத் தமிழாக்கினான்.

"என்ர தகப்பனும் கமக்காரன்தான். உழவு மாட்டை வித்துத்தான் என்னைப் பட்டணத்துக்குப் படிக்க அனுப்பினவர். அந்தக் காலத்தில எல்லா வீட்டிலயும் அப்பிடித்தான். பல்கலைக்கழகத்தை மாட்டெலும்புக் கோபுரம் எண்டு பகிடியாச் சொல்லுவினம். நான் படிச்சு முடிக்காமல் கடை போட்டிட்டன். அப்பா சாகுமட்டும் என்னைப் பேசேக்க அந்த மாட்டை நினைச்சுத்தான் பேசுவார்."

மீனைப் புரட்டினார்.

"மாட்டை வித்துப் படிக்க வந்த பெடியளுக்கு மாட்டு விலா வாங்க எங்க காசு? இந்த மீனைச் சுட்டுப்போட்டு, இதுதான் கல்பி எண்டு பேர் வைச்சுத் தின்னுவம். இண்டைக்கும் பூசானில அந்தப் பேர் இருக்கு."

எண்ணெய் வடிந்து நெருப்பு ஒருமுறை எழுந்து அடங்கியது. அவர் கடைசியாக ஒன்று கேட்டார். இந்தமுறை என்னைப் பார்க்கவில்லை, பரமேஸ்வரியைப் பார்த்தார். என் மகள் உங்கள் வீட்டுக்கு வந்தால் அவளுக்கும் இறைச்சி மறிப்பா என்று.

பரமேஸ்வரி யோசிக்கவே இல்லை. "அவளின்ர குசினியில அவள் விரும்பினதைச் சமைக்கட்டும். எங்கட குசினிக்கு வந்தால் மீன் இருக்கு, பால் இருக்கு, நான் இருக்கிறன். என்ர பிள்ளை பட்டினி கிடக்கமாட்டாள்."

மகன் "என்ர பிள்ளை" என்பதைக் கொரியனில் சொன்னபோது மின்ஜியின் தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டா.

சம்பந்தி புதிதாக ஒரு இலையை விரித்தார். சோறு, உள்ளி, மீன். முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்தார். மடித்தார். என் வாய்க்கு நேரே நீட்டினார். நான் வாயைத் திறந்தேன். இனிப்பும் உறைப்பும் புகை மணமுமாக, கண்ணில் தண்ணீர் வந்தது. உள்ளியால்தான் என்று பிறகு சொன்னேன். உடனே நானும் ஒரு இலை எடுத்து, எனக்குத் தெரிந்தபடி மடித்து அவர் வாயில் வைத்தேன். சோறு பாதி அவர் ஏப்ரனில் விழுந்தது.

"வெத்திலை மாத்தியாச்சு," என்றாள் பரமேஸ்வரி.

இனிப் படத்தைக் கொடுக்க வேண்டியதுதானே. கூறைச்சேலையைப் பிரித்து எடுத்துக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, வீணையைப் பார்த்தார், அன்னத்தைப் பார்த்தார், யார் என்று கேட்டார். மகனை முந்திக்கொண்டு நானே சொன்னேன், "சரஸ்வதி. கல்வித் தெய்வம். கல்வி, கல்வி."

அவர் முகத்தில் விளக்கு ஏறியது. "கல்பி" என்று கத்தி, மனைவியைக் கூப்பிட்டு, படத்தைக் காட்டி ஏதேதோ சொன்னார். தமிழருக்கு இதற்கென்றே ஒரு அம்மன் இருக்கிறா என்று சொல்லியிருக்க வேண்டும். செந்தூரன் வாய் திறந்தான். மேசைக்குக் கீழே அவன் காலை மிதித்தேன்.

"நீ ஒருக்கால் திருத்தாமல் விட்டனி. இது என்ர முறை."

நெருப்புக்கு மேலேயே மாட்டப் போனார். அதற்குப் பரமேஸ்வரி விடவில்லை. கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனாள். அங்கே மின்ஜி பட்டம் வாங்கின படம் தொங்கியது. அதற்குப் பக்கத்தில் ஆணி அடித்தார்கள். சரஸ்வதிக்குச் சரியான இடம் அதுதான். விற்ற மாடு ஒன்று, வளர்த்த மாடு ஒன்று, இரண்டுக்கும் அவள் பொறுப்பு. ஒரு எழுத்து மாறினதற்குக் கோபிக்கமாட்டாள்.

ஊருக்கு வந்து இரண்டு கிழமை. விதைப்பு முடிந்துவிட்டது, மழைக்குப் பார்த்திருக்கிறோம். கோயில் செயலாளர் கேட்டார், சம்பந்தி கல்வியில்தானே என்று. ஓம் என்றேன். நேற்றுப் பின்னேரம் கல்லில் ஏறி நின்று வீடியோ அழைப்பு எடுத்தேன். செந்தூரன் அங்கே நின்று தமிழாக்க, சம்பந்தி மாடிக்கு ஏறிப்போய்ப் படத்தைக் காட்டினார். முன்னால் ஒரு பேரிக்காய் வைத்திருந்தது. கரி மூட்டுமுன் தினமும் கும்பிடுகிறாராம். அந்த நேரம் பார்த்து என் பின்னால் சிவப்பி கத்தியது. யார் அது என்று கேட்டார். போனைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு இடுப்பு வளைய, நெற்றி முழங்காலைத் தொடுமளவுக்குக் குனிந்து, எங்கள் மாட்டுக்கு வணக்கம் சொன்னார்.